இடது பக்கம் ஒன்றரை இஞ்ச்

ஸ்கூட்டர் சீட்டைக் குப்புறக் கவிழ்த்து மடியில் வைத்து, அடித்தட்டைச் சுற்றி அடித்திருந்த பின்களை அந்தக் கைகள் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துக்கொண்டிருந்தன. ஸ்க்ரூ டிரைவரின் தட்டை முனை உள்ளே போகும். ஒரு திருகு. கம்பிப் பின் எழும்பும். இரண்டு விரல்கள் அதைப் பிடுங்கித் தகர டப்பாவில் போடும். வேலை முழுக்க வலது கைக்குத்தான். இடது கை சீட்டின் மேல் கனமாகக் கிடந்ததே தவிர, தோளுக்கு மேல் எழவில்லை. அந்தப் பின்களை அடித்ததும் இதே கைகள் என்பதால் எது ஆழமாக இறங்கியிருக்கிறது, எது லேசாக நிற்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை.

ரெக்சின் உரிந்து வந்தது. உள்ளே மஞ்சள் ஸ்பாஞ்ச் ஒரு பக்கம் மட்டும் உயர்ந்து இருந்தது. இடது பக்கம் ஒன்றரை இஞ்ச். ஆறு வருஷம் ஒரே ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து, அந்த மேட்டில் ஒரு இடுப்பின் வடிவம் அப்படியே பதிந்திருந்தது.

லூர்துமேரியின் இடுப்பு அது. ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பியது. ஒலக்கூர் பக்கத்து ஊரில் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போவார்கள். மேரியை வரப்பு மரத்தடியில் உட்கார வைத்துவிட்டுப் போவார்கள். பிறகு பள்ளிக்கூடம், பத்தாவது, வீடு. தொண்ணூற்று மூன்றில், இருபத்திரண்டாவது வயதில், திண்டிவனத்தில் விருத்தாசலத்தின் சீட் கவர் கடையில் வேலை கிடைத்தது.

தைக்க யாரும் சொல்லித்தரவில்லை. முதல் வருஷம் முழுக்க அவருக்குக் கொடுத்தது பிரிக்கிற வேலை. பஸ் சீட்டு, லாரி சீட்டு, மொபெட் சீட்டு என்று கிழிந்ததெல்லாம் அவர் முன்னால் வந்து விழும். பழைய தையலைப் பிரிக்கும்போதே எவன் எங்கே ஏமாற்றியிருக்கிறான், எங்கே துணியை இழுத்து மடித்திருக்கிறான் என்று பார்த்துக்கொண்டார். அடுத்த வருஷம் ஒருநாள் தையற்காரர் வராதபோது ஊசியை எடுத்தார். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம் அவர் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கவரை மூடுவதற்கு முன்னால் வண்டிக்காரரைக் கூப்பிட்டு உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சைக் காட்டிவிடுவார். இங்கே பழசு, இங்கே ஒட்டுப் போட்டிருக்கேன், இது ரெண்டு வருஷம்தான் தாங்கும் என்று விரலால் அழுத்திச் சொல்லுவார். மூடின பிறகு யாருக்கும் எதுவும் தெரியாது என்பதுதான் அந்தத் தொழிலின் சௌகரியம். மேரிக்கு அந்தச் சௌகரியம் பிடிக்காது.

இரண்டாயிரத்துப் பத்தில்தான் ஸ்கூட்டர் வாங்கினார். அதுவரை காலையில் பஸ். கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் அண்ணன் அந்தோணிசாமி பின்னாலிருந்து தூக்கிவிட வேண்டும். மாதச் சீட்டு கட்டிச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய கியர் இல்லாத வண்டியை எடுத்து, விழுப்புரத்தில் பக்கச் சக்கரங்கள் இரண்டு பொருத்தி, சீட்டை மட்டும் தானே தைத்துக்கொண்டார். கால் நழுவாமலிருக்க இடது பக்கம் ஒரு பெல்ட், ஊன்றுகட்டையை மாட்ட ஒரு கொக்கி.

அந்த வண்டியில் அவர் செய்த ஒரே ஊதாரித்தனம் யாருக்கும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குத் திரும்பாமல் மரக்காணம் வரை ஓட்டிப் போனார். மணலில் சக்கரம் இறங்காது. தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே, அவித்த மல்லாட்டை ஒரு பொட்டலம் தின்று தீரும்வரை கடலைப் பார்த்துவிட்டு வந்தார். யாரும் கூட்டிக்கொண்டு போகாமல் அவர் போன இடம் அது ஒன்றுதான்.

ஆறு வருஷம் கழித்து இடது தோள் போனது. விழுப்புரத்து டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நாற்பது வருஷமாய்க் காலின் வேலையைத் தோள் செய்திருக்கிறது, தேய்ந்துவிட்டது என்றார். இனி ஹேண்டில் பிடிக்கக் கூடாது. கட்டையையும் குறைத்துக்கொள்ள வேண்டும். விருத்தாசலம் நல்ல மனுஷன். கைத்தையல் வேலையை வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறேன் என்றார். வண்டி விற்கிறவரை மட்டும் பழையபடி பஸ்ஸில் கடைக்கே வருகிறேன் என்று மேரி தலையை ஆட்டினார். வீட்டுக்கே என்ற வார்த்தை மட்டும் உள்ளே எங்கோ போய் மாட்டிக்கொண்டது.

வண்டி மூன்று மாதம் கடை வாசலில் தூசி படிந்து நின்றது. பக்கத்து ரீசார்ஜ் கடை மணிமாறன்தான் போட்டோ எடுத்துப் பழைய பொருள் விற்கிற ஆப்பில் போட்டுக் கொடுத்தான். இருபத்தெட்டாயிரம். கீழே என்ன எழுதட்டும் என்று கேட்டதற்கு மேரி, கவரை மூடுவதற்கு முன் காட்டுவதுபோலவே, குறைகளையெல்லாம் சொன்னார். குளிரில் செல்ஃப் மூன்று தடவை அழுத்த வேண்டும். வலது பக்கச் சக்கரத்துக்கு டயர் மாற்ற வேண்டும். மழையில் இன்டிகேட்டர் எரியாது. பின்பக்கம் ஒரு கீறல்.

"வியாதியக் கேட்டாத்தான் சொல்லணும்க்கா," என்றான் மணிமாறன். "நீ வாசல்லியே போர்டு மாட்டிட்டியே."

அன்று சாயங்காலமே போன் கிணுகிணுக்க ஆரம்பித்தது. எல்லோரும் அவரை ப்ரோ என்றார்கள். இருக்கா ப்ரோ. லாஸ்ட் எவ்ளோ ப்ரோ. வண்டியைப் பார்க்காமலேயே கடைசி விலை கேட்டவர்களை மேரிக்கு முதலில் புரியவே இல்லை. கடைக்குள் வந்து நிற்கிற ஆளுக்குச் சொல்வதுபோல, சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவருக்கும் முழுசாகப் பதில் எழுதினார். அந்தப் பதில்களையே எடுத்து அவர்கள் கழித்தார்கள். இன்டிகேட்டருக்கு ஆயிரம், டயருக்கு இரண்டாயிரம், கீறலுக்கு ஐந்நூறு என்று கழித்துக்கொண்டே போய் ஒருவன் ஒன்பதாயிரத்தில் நின்றான். இன்னொருவன் பழைய செல்போன் ஒன்றும் மூவாயிரமும் தருகிறேன் என்றான். ஒருவன் அடிப்பக்கம், டயர், மீட்டர் என்று ஏழு போட்டோ கேட்டான். மணிமாறன் தரையில் படுத்து எடுத்து அனுப்பிய பிறகு, ஓகே ப்ரோ சும்மா பார்த்தேன் என்று முடித்தான். கால் இல்லாதவங்க வண்டின்னா வேகமா ஓட்டியிருக்க மாட்டாங்க, இன்ஜின் நல்லாத்தான் இருக்கும் என்று ஒருவன் பாராட்டாகவே எழுதினான். அதற்கு மட்டும் மேரி பதில் எழுதவில்லை.

ஏன் விற்கிறீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். தோள் போய்விட்டது என்று உண்மையைச் சொன்னார். அப்ப அவசரம்தான், இன்னும் கொறைங்க என்றார்கள்.

விழுப்புரத்தில் பழைய வண்டி வியாபாரி ஒருவர்தான் ஒழுங்காகப் பேசினார். பக்கச் சக்கரத்தைக் கழட்டிக் கொடுத்தால் இருபத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன். சக்கரத்தை என்ன செய்வது என்று மேரி கேட்டார். எடைக்குப் போட்டுடுங்கம்மா என்றார் அவர்.

அந்தோணிசாமிக்குப் பொறுக்கவில்லை. "குடுத்துத் தொலையேன். வண்டிய யாரு ஓட்னா ஒனக்கு இன்னா?"

தன்னைப்போல ஒருத்தர் அதில் ஏறி எங்கேயாவது போக வேண்டும் என்பதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் மேரிக்கே வேடிக்கையாக இருந்தது. ஊசியில் நூலைக் கோத்தார்.

அந்த வாரத்தில்தான் இன்னொரு போன் நம்பரும் சேர்ந்துகொண்டது. இருக்கா. லாஸ்ட். பன்னண்டு தர்றேன். சீட்டு தரையிலருந்து எவ்ளோ ஒயரம். அதுவரைக்கும் மேரி பொறுமையாகப் பதில் எழுதினார். அடுத்தது வந்தது: ஓட்டனவங்களுக்கு எந்தக் காலு?

படித்ததும் முகம் சுட்டது. போனைக் கவிழ்த்து வைத்தார். போதும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை வியாபாரி வரட்டும், கழட்டிக்கொண்டு போகட்டும் என்று மணிமாறனிடம் சொல்லியும் விட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் குனிந்து தைத்துக்கொண்டிருந்தபோது, எதிரே தரையில் முதலில் தெரிந்தது இரண்டு கட்டைகளின் ரப்பர் முனைகள். நடுவில் ஒரே ஒரு செருப்பு.

"போட்டோவுல கடை போர்டு தெரிஞ்சுது. அத வெச்சு விசாரிச்சுக்கினு வந்தேன்," என்றார் அந்த ஆள். "கேட்டதுக்குப் பதிலே இல்லியேக்கா. எனக்கு ரைட்டு காலு. ஒங்களுக்கு எதுன்னு தெரிஞ்சாத்தான எனக்குத் தோதுப்படுமான்னு தெரியும்."

மேரி அவரை உட்காரச் சொன்னார். தனக்கு இடது கால் என்றார்.

பேர் ராஜவேலு. மரக்காணத்துக்குப் பக்கத்துக் குப்பம். மூன்று வருஷத்துக்கு முன் வலை இழுக்கிற மிஷினில் கால் மாட்டி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில். பெண்டாட்டி பவுனு மீன் கூடையைத் தலையில் வைத்து பஸ் ஏறுகிறாள். வண்டி இருந்தால் பின்னால் பெட்டி கட்டி அவரே கொண்டுபோவார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, கால் போன ஆள் என்பதற்காக விட்டுக்கொடுக்காமல், பதினஞ்சுக்கு மேல காசு இல்லக்கா என்று ஆரம்பித்தார். டயரைக் காட்டினார், கீறலைக் காட்டினார். மற்ற எல்லோரையும்போலத்தான் அடித்துப் பேசினார். மேரியும் விடவில்லை. பதினெட்டில் வந்து நின்றது. ஏழாயிரம் நஷ்டம் என்பது மேரிக்குத் தெரியும். அண்ணன் இரண்டு நாள் பேசமாட்டான் என்பதும் தெரியும்.

"வண்டி நல்லாத்தான கீது. ஏன் குடுக்கறீங்க?" என்று கடைசியாகக் கேட்டார் ராஜவேலு.

மேரி நிமிர்ந்து பார்த்தார். ராஜவேலுவின் இரண்டு கட்டைகளும் அக்குளில் முட்டுக்கொடுத்து நின்றன. தோள்கள் காதுவரை ஏறியிருந்தன.

"தோளு போச்சுப்பா," என்றார். "வண்டியில ஏறுறப்போ தோளால எக்கி எக்கி ஏறுவேன். அதுலதான்."

ராஜவேலு தலையைத் திருப்பித் தன் தோளை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"சனிக்கெழம வாங்க," என்றார் மேரி. "சீட்ட ரெண்டு இஞ்ச் எறக்கித் தர்றேன். எக்க வேணாம்."

அதற்காகத்தான் இன்று பின்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வியாபாரிக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. ராஜவேலுவின் இடது பக்கம் முழுசாக இருப்பதால் அங்கே மேடு தேவையில்லை. கத்தியைத் தண்ணீரில் நனைத்து, ஒன்றரை இஞ்ச் மேட்டை ஒரே இழுப்பில் அரிந்தார். அது தனியாகக் கையில் வந்தது. சிறிது நேரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கழிவு ஸ்பாஞ்ச் சாக்கில் போட்டார். அடுத்து சீட்டு முழுக்க இரண்டு இஞ்ச் சீவினார். வலது தொடை முன்னால் சரியாமலிருக்க அந்தப் பக்கம் விளிம்பில் ஒரு பட்டை ஒட்டினார். பெல்ட்டும் கொக்கியும் வலது பக்கம் போயின. இடது பக்கம் அவை இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள் மட்டும் மிச்சம்.

ராஜவேலு பவுனுவோடு வந்தபோது கவர் இன்னும் மூடவில்லை. மேரி அவரைக் கூப்பிட்டு ஸ்பாஞ்சைக் காட்டினார்.

"இது பழசு. இது புது ஒட்டு. இங்க அமுக்கிப் பாருங்க. இந்த எடத்துல அரிஞ்சிருக்கேன், ஒரு வருஷத்துல கொஞ்சம் அமுங்கும். அமுங்கினா வாங்க."

அவர் அமுக்கிப் பார்த்தார். பிறகுதான் மேரி ரெக்சினை இழுத்துப் பின் அடித்தார். இழுத்துப் பிடிக்க இடது கை ஒத்துழைக்காததால் பவுனு பிடித்துக்கொண்டாள்.

ராஜவேலு கட்டைகளைச் சாய்த்துவிட்டு ஏறினார். எக்கவில்லை. உட்கார்ந்ததும் மேரி அவர் இடுப்புக்குப் பின்னால் சீட்டில் உள்ளங்கையை வைத்து மட்டம் பார்த்தார். சரியாக இருந்தது.

"ஐந்நூறு கொறைச்சுக்கக்கா, பெட்ரோலுக்கு," என்றார் ராஜவேலு.

"ரெண்டு லிட்டர் போட்டுத்தான் வெச்சிருக்கேன்."

பவுனு சிரித்தாள். மேரி இடுப்பில் சொருகியிருந்த சாவியை எடுத்து, ராஜவேலுவின் வலது கையில் வைத்தார்.