பெரிய டிஸ்க் தர மறுத்தவர்

“பாப்பா இப்போ என்ன படிக்கா?” என்று அவரிடம் நான் கேட்டது தவறா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் உதிரிபாகங்கள் விற்பவர் அவர். ஒல்லியான உடம்பு, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. மதர்போர்டு எதுவென்று பார்க்காமல் யாருக்கும் ஹார்டு டிஸ்க் தர மாட்டார். என் மகளின் வீடியோக்களைச் சேர்த்துவைக்க நான்கு டெராபைட் டிஸ்க் கேட்டேன். நான் எடுத்துப்போன மதர்போர்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர், டிஸ்க்கை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டார்.

“உங்க போர்டு பழசும்மா. ரெண்டு டெராபைட்டுக்கு மேல அதுக்குப் பிடிபடாது. சில போர்டுல அந்த ரெண்டு நிறைஞ்சதும் பழசு மேலயே புதுச எழுதிரும். நமக்குத் தெரியவே தெரியாது.”

பக்கத்தில் நின்றவர் சிரித்தார். “அண்ணாச்சி யாவாரம் பண்ணுதாரா, கெடுக்காரா?”

அவர் சிரிக்கவில்லை. “என் மவ முதமுதல்ல நடந்த வீடியோ அப்படித்தான் போச்சு. அவ பள்ளிக்கூட ஆண்டுவிழா வீடியோவ ஏத்துனேன். அது இதத் தின்னுட்டு.”

அப்போதுதான் பாப்பா என்ன படிக்கிறாள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். “ரெண்டு டெராபைட்ல ரெண்டு வாங்கிக்கோங்க. ஒண்ணுல உள்ளத இன்னொண்ணுலயும் போட்டு வைங்க” என்றார். பில் எழுதத் தொடங்கினார்.

அவர் மகள் வெளியூரில் இருக்கலாம். இந்த உலகத்திலேயே இல்லாமலும் போயிருக்கலாம். என் மகளின் வீடியோவைத் திறக்கும்போதெல்லாம், முகம் தெரியாத ஒரு குழந்தையும் கூடவே தளர்நடை போடுகிறது.

அந்த டிஸ்க்குகளில் ஒன்று இப்போது கரகரவென்கிறது. மாற்றுவதற்கு அவரிடம்தான் போக வேண்டும். போனால் மன்னிப்புக் கேட்பதா, ஒன்றும் தெரியாததுபோல் இருப்பதா? இப்படிக் கேட்டுவிட்டுத் தவித்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.