ஸ்கேன் அறைக்கு வெளியே நின்ற அண்ணாச்சி

காலை ஆறரை மணிக்கு விக்கிரமசிங்கபுரம் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். மில்லில் ஷிப்ட் முடிந்தவர்களின் சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு போயின. மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்தது. பாபநாசத்துக்கு வருகிற கூட்டம் இந்த ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அருவிக்குப் போய்விடும். நான் அருவி பார்க்க வரவில்லை. திருப்பூரிலிருந்து முதுகு ஒடிய பஸ்ஸில் வந்தது, என் சிநேகிதியைப் பாளையங்கோட்டையில் டாக்டரிடம் காட்டுவதற்காக. இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் இருக்கும்.

சிநேகிதி என்று நான்தான் சொல்கிறேன். அந்த நிறுத்தத்தில் வேறு யாரிடம் சொன்னாலும் சிரித்திருப்பார்கள். மடித்துக் கட்டிய வேட்டி, அரைக்கைச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை, தோளில் ஒரு துண்டு. பந்தலும் நாற்காலியும் வாடகைக்குக் கொடுக்கிற இசக்கி அண்ணாச்சியை அந்த ஊரில் தெரியாதவர் கிடையாது. "அண்ணாச்சி, காலைலயே எங்கன கெளம்பியாச்சு?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். "சொந்தக்காரங்க வந்திருக்காவ. திருநவேலி வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று எல்லோருக்கும் ஒரே பதில்.

இசக்கியும் நானும் திசையன்விளையில் ஒரே தெரு, ஒரே வகுப்பு. அங்கே அவள் இசக்கியம்மாள். கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். வயிற்றுப்பாட்டுக்குப் பந்தல் வேலைக்குப் போனாள். மறுநாள் முகூர்த்தம் என்றால் முந்தின இரவில்தான் கம்பு நடுவார்கள். இருட்டில் மேலே வந்த கைகளைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு அலுத்துப்போனாள். ஒருநாள் தலையை வெட்டிக்கொண்டு, யாருக்கும் தன்னைத் தெரியாத இந்த ஊருக்கு வந்து சட்டையை மாட்டிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் இசக்கி என்று ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. பெயரால் தொல்லை வரவில்லை. பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுட்டி, இனிமே என்ன?" என்றாள். அந்த 'இனிமே' எப்படி வந்தது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அம்பாசமுத்திரம் வரை டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம். கண்டக்டர் எனக்குக் காசில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு இசக்கியிடம் கை நீட்டினார். அவள் பத்து ரூபாயை எடுத்துக் கொடுத்தபடி என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஏழரைக்கு அம்பாசமுத்திரத்தில் திருநெல்வேலி பஸ் ஏறினோம். இருபத்தெட்டு ரூபாய். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று போகிற சாலை. வழியெல்லாம் வாழைத் தோட்டம், வயல், மறுபடி வாழை. ஜன்னலுக்குள் வருகிற காற்றிலேயே ஈரம் இருக்கும். எங்கள் திசையன்விளையின் செம்மண் புழுதியில் வளர்ந்தவளுக்கு இந்தப் பச்சையைப் பார்த்தால் இன்றைக்கும் கொஞ்சம் பொறாமைதான். புருஷன் பொண்டாட்டி மாதிரி ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். பின் சீட்டில் ஆளில்லை. பேச வசதியாகப் போயிற்று.

"ஆம்பளையா இருந்து என்னத்தட்டி கண்டே?" என்றேன்.

"மொத வாரமே ஒண்ணு தெரிஞ்சிச்சு. நான் ஒரு தடவ வெல சொன்னாப் போதும், சரி அண்ணாச்சிங்கான். நம்ம ஊர்ல சேல கட்டிக்கிட்டு அதையே பத்துத் தடவ சொன்னேன், இளிச்சான். டீக்கடைல ஒத்தைல உக்காந்து பேப்பர் படிக்கலாம். ஏன் உக்காந்திருக்கேன்னு ஒருத்தன் கேக்க மாட்டான். ரோட்டுல போவும்போது பின்னால திரும்பித் திரும்பிப் பாக்க வேண்டாம். ஏட்டி, கழுத்துக்கு அம்புட்டுச் சொகம்!"

"அப்ப நல்லதுதான்னு சொல்லு."

"வலிச்சாலும் வெளிய சொல்லக் கூடாது. கம்பு விழுந்து கால் நகம் பேந்துபோச்சு, சிரிச்சிக்கிட்டே நின்னேன். ஆம்பளைய எல்லாம் அப்படித்தான் நிக்காங்க. தேர்தலப் பேசுவான், அடுத்தவன் சம்சாரத்தப் பேசுவான், தன் ஒடம்பப் பத்தி மட்டும் வாய் தொறக்க மாட்டான். நானும் அதப் படிச்சிட்டேன். இந்த ரத்தப்போக்கு எட்டு மாசமா இருக்கு. சேல கட்டியிருந்தா குழாயடில ஒருத்திட்டயாவது சொல்லியிருப்பேன். அவ அன்னைக்கே என்னை ஆஸ்பத்திரிக்குத் தள்ளியிருப்பா."

அவள் அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. கர்ப்பப்பையில் புற்று. டாக்டரிடம் காட்டும்போது காலம் கடந்துவிட்டது. போன மாதம் தனியாகப் பாளையங்கோட்டை வரை வந்திருக்கிறாள். மகளிர் ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி "யாரப் பாக்கணும் அண்ணாச்சி?" என்று கேட்டதும், ஒன்றுமில்லை என்று திரும்பி நடந்துவிட்டாள். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தில், பஸ் பட்டமடை தாண்டி, பேட்டை வருகிற வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். பயத்தை வேறு எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தெரியாது.

பத்து மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பெண்கள் பெஞ்சில், கூட வந்த புருஷன்மார்கள் மாடிப்படி ஓரச் சுவரில் சாய்ந்து. இசக்கியின் கால் தன்பாட்டுக்குச் சுவர்ப்பக்கம் போய் நின்றது. வயிறு நிறையத் தண்ணீர் குடித்தால்தான் ஸ்கேனில் தெரியும் என்று ஒரு பாட்டில் முழுக்கக் குடிக்க வைத்திருந்தார்கள். முகம் வேர்த்துக் கொட்ட, அடக்கிக்கொண்டு நின்றாள்.

"இசக்கியம்மாள்!"

நான் எழுந்தேன், அவளைக் கூப்பிடுவதற்கு. நர்ஸ் என் கையைப் பிடித்துவிட்டாள். பின்னால் வந்த இசக்கியை மார்பில் கை வைக்காத குறையாகத் தடுத்தாள். "ஆம்பளைங்க உள்ள வரக் கூடாது அண்ணாச்சி. அங்கன நில்லுங்க. ஒங்க வீட்டம்மாவ நாங்க பாத்துக்கிடுதோம்." கதவு சாத்தியாயிற்று. இத்தனை பேர் காதுபட என்னத்தைச் சொல்ல? அதற்குள் என்னைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, ஜாக்கெட்டுக்குக் கீழே சேலையை விலக்கச் சொல்கிறாள்! "ஐயோ தாயே, நோயாளி நான் இல்ல. வெளிய நிக்கிற அந்த ஆளுதான்" என்றேன்.

நர்ஸ் கதவை ஒரு விரல் அளவு திறந்து எட்டிப் பார்த்தாள். வேட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கதவை அகலத் திறந்து ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். "இசக்கியம்மா வீட்டுக்காரரு! உள்ள வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க!"

"எங்க வீட்டுக்காரர மட்டும் விடல, இவர விடுதீய?" என்று பெஞ்சிலிருந்து ஒரு பெண் சண்டைக்கு வந்தாள். "ஒங்க முறை வரும்போது அவரையும் கூப்பிடுதேன்க்கா" என்று சொல்லி நர்ஸ் கதவைத் தாழிட்டாள். அந்த நர்ஸ் மகராசியாக இருக்கட்டும்.

டாக்டரம்மா ரொம்ப நேரம் திரையைப் பார்த்தார். இசக்கி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. "தசைக்கட்டி இசக்கியம்மா. இந்த வயசுல நெறையப் பேருக்கு வரதுதான். நீங்க பயந்த மாதிரி ஒண்ணும் இல்ல. மாத்திரையிலயே பாக்கலாம். ரத்தம்தான் ரொம்பக் கொறஞ்சிருக்கு. மூணு மாசத்துக்குப் பளுத் தூக்காதீங்க" என்றார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். துண்டை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். "பாவம், என்ன ஆச்சோ சம்சாரத்துக்கு" என்று ஒருவர் என்னையே அனுதாபத்தோடு பார்த்துவிட்டுப் போனார். எனக்கும் அழுகை, அதோடு சிரிப்பும். எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்த கல்லை இறக்கி வைத்தவள் நன்றாக அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜங்ஷன் பக்கம் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு நூற்றிருபது ரூபாய். மூன்று தடவை சோறு வாங்கினாள். பஸ்ஸில் ஏறியதும் தூங்கிப்போனாள். சேரன்மகாதேவியில் இறங்கி அந்த ஆற்றில் ஒரு முங்கு போட வேண்டும் என்று எனக்கு ஆசைதான். தூங்குகிறவளை எழுப்ப மனசு வரவில்லை.

நாலரை மணிக்கு விக்கிரமசிங்கபுரம். கடை வாசலில் அவளுடைய ஆட்கள் இருவர் வண்டியில் கம்பு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் சுடலை. மற்றவன் மூக்கன், பெரிய மீசைக்காரன். வயிற்றுக் கோளாறு என்றுதான் அவர்களிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"என்ன சொன்னாவ அண்ணாச்சி டாக்டரு?" என்றார் சுடலை.

இசக்கி பழக்கதோஷத்தில் ஒரு கம்பின் நுனியைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். பிறகு, பந்தலுக்கு விலை சொல்கிற அதே குரலில் சொன்னாள். "கர்ப்பப்பைல கட்டி. பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டாவ. மூணு மாசம் பளுத் தூக்கக் கூடாதாம்."

மூக்கன் கையிலிருந்த கயிறு கீழே விழுந்தது. யாராவது ஏதாவது சொல்லட்டும், பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று நாக்கை மடித்துக்கொண்டு நின்றேன். சுடலை அவளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பக்கத்தில் வந்து அவள் கையிலிருந்த கம்பை வாங்கினார்.

"எங்க வீட்லயும் அதான். மாத்திரையிலதான் சரியாச்சு. நீங்க இதத் தொடாதீங்க அண்ணாச்சி, நாங்க பாத்துக்கிடுதோம்."

முன்பே தெரியுமா, அந்த நிமிஷம்தான் தெரிந்ததா? நான் கேட்கவில்லை. இசக்கி திண்டாடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூக்கன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். சுடலை வண்டிக்குப் பின்னால் போகிற வரைக்கும் பார்த்திருந்து, பைய அவள் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"அண்ணாச்சி, எனக்கு ரொம்ப நாளா மூலம். உக்கார முடியல. வீட்லகூட சொல்லல. அந்த ஆஸ்பத்திரில இதுக்கும் பாப்பாவளா?"

"அது பொம்பளைய ஆஸ்பத்திரில்லா? இதுக்கு வேற இடம் இருக்கு" என்றாள் இசக்கி. "காலைல வந்து நில்லுலே. நானே கூட்டிட்டுப் போவுதேன்."