றெஜினா மிஸ்ஸி உயர்த்திய ஜீப்

வவுனியாவில் விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தபோது ஜீவராணி தொலைபேசியில் வந்தாள். "ஐயா, மிஸ்ஸி போயிட்டா. நித்திரையிலதான்" என்றாள். எந்த மிஸ்ஸி என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அவளுக்கும் இந்த உலகத்தில் ஒரே ஒரு மிஸ்ஸிதான். தண்ணீர் கொதித்து வற்றிப் பாத்திரம் கருகிய மணம் வந்த பிறகே அடுப்பின் நினைவு வந்தது.

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சியாக இருந்த றெஜினா மிஸ்ஸியைத் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவருடைய கையில் விழுந்த பிள்ளைகள் இன்று எந்தெந்தப் பனிநாட்டிலோ பேரப்பிள்ளை கண்டிருப்பார்கள். புளியங்கூடல்காரனான நான் அந்த ஆஸ்பத்திரியின் மருந்தாளன். மருந்து கலக்கிய நேரத்தைவிட அவருடைய ஜீப்பின் முன் கதிரையில் இருந்த நேரம்தான் அதிகம்.

மிஸ்ஸி கடற்றொழில் செய்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். கலியாணம் செய்யவில்லை. பேச்சும் குறைவு. பிரசவ அறையில் பெண்கள் அலறும்போது, "கத்தும் பிள்ளை, கத்தும். கடல்தானே பக்கத்தில, ஆருக்குக் கேக்கப்போகுது" என்பார். அந்த ஜீப் புங்குடுதீவு வியாபாரக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமாக இருந்தது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் தெற்கில் அவர்களுடைய கடை எரிந்தது. கப்பலேறிப் போகுமுன் வண்டியை ஆஸ்பத்திரி வளவில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. சாரதி இல்லாததால் மிஸ்ஸி தானே ஓட்டப் பழகிக்கொண்டார்.

அந்தக் காலத்தில் தாம்போதியைக் கடந்தவர்களுக்கு மாரி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவில் கடலுக்குள்ளால் போட்ட அந்தத் தாழ்ந்த தெருவின்மேல் கடல் ஏறிவிடும். ஒரு மாரியில் பிரசவ வலியோடு இருந்த பெண்ணொருத்தியை ஏற்றிக்கொண்டு வரும்போது, நடுத் தாம்போதியில் எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி ஜீப் நின்றுவிட்டது. வலைக்காரர் நால்வர் அவளைப் பாயில் வைத்துத் தூக்கிக்கொண்டு தொடையளவு நீரில் நடந்தார்கள். தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. கரையேறி, நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டே மிஸ்ஸி சொன்னார்: "சிவம், அடுத்த மாரிக்கிடையில இந்த வண்டி அரைச் சாண் உயர வேணும்."

ஊர்காவற்றுறையில் கராஜ் வைத்திருந்த சூசை அண்ணை, ஏலும் என்றார். ஜீப்பைத் தாங்கும் ஸ்பிரிங் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்புத் தகடுகள்தான். தடித்த தகடுகளை இன்னும் கூடுதலாக வளைத்துப் பூட்டினால் வண்டி தானாக உயரும். ஆனால் தகட்டுக்கு எங்கே போவது? தீவெல்லாம் தேடிய தேடல் கடைசியில் வேலணைப் பக்கம் தாழம்பற்றையோரம் நின்ற ஒரு சின்ன லொறியில்தான் வந்து முடிந்தது.

அது புங்குடுதீவுக் கனகுவின் லொறி. ஆனி மாதத்தில் ஒருநாள் வெங்காயம் ஏற்றப் போனவன் திரும்பவில்லை. கதவு திறந்தபடி லொறி நின்றது. கதிரையில் அவனுடைய துவாய் மடித்தபடி கிடந்தது. ஆர் மறித்தது, எங்கே கொண்டுபோனது, ஒருவரும் காணவில்லை. கண்டவர் இருந்தாலும் சொல்லும் காலம் அல்ல அது. அந்த லொறியைப் பிறகு ஒருவரும் தொடவில்லை. மாடுகள்கூட அந்தப் பற்றைப் பக்கம் மேய்வதில்லை என்றார்கள்.

கனகுவின் மனைவி பரமேஸ்வரி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. மிஸ்ஸியும் நானும் கேட்கப் போனபோது வேலிப் படலை அகலத் திறந்து கிடந்தது. அவன் வந்தால் தட்டவேண்டி வராமல் இருக்க, படுக்கும்போதும் அதைச் சாத்துவதில்லையாம். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு எழும்பிப் போய்ப் படலையடியில் நின்று தெருவைப் பார்த்தாள்.

"எடுங்கோ மிஸ்ஸி. ஆனா அவர் வந்து கேட்டால் நீங்கள்தான் சொல்லவேணும்."

"ஓம் பிள்ளை, நானே சொல்லுறன்" என்றார் மிஸ்ஸி.

கொல்லன் பட்டறையில் தகடுகளைக் காய்ச்சி வளைத்து, பதம் வைத்து எடுத்தார்கள். சூசை அண்ணை ஜக் போட்டு ஜீப்பின் சட்டத்தைத் தூக்கி, பனங்குற்றிகளில் இருத்தினார். முதல்நாளே மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டும், கறள் பிடித்த நட்டுகள் லேசில் கழலவில்லை. பழைய ஸ்பிரிங்குகள் விழுந்தன. புதியவற்றின் இரு முனைகளையும் சட்டத்தில் கொளுவி, நடு ஆணியை அச்சின் குழியில் சரியாக இருத்தி இறுக்கினார். வண்டியை நிலத்தில் இறக்கியதும் மிஸ்ஸி குனிந்து கீழே பார்த்தார். அச்சு கீழே போனதால், பிறேக் எண்ணெய் போகும் இறப்பர்க் குழாய் நரம்புபோல இழுபட்டு நின்றது.

"சூசை, தொப்புள்கொடி குறுகிப்போச்சு. இப்பிடியே விட்டால் அறும்."

சூசை அண்ணை சிரித்துவிட்டார். நீளமான குழாய் ஒன்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிறகுதான் ஜீப் கராஜை விட்டு வெளியே வந்தது. உயர்ந்து, புதிதாக நடக்கப் பழகிய கன்று போல நின்றது.

ஆனால் அது நேராக நிற்கவில்லை. பின்பக்கத்து வலது மூலை, மிஸ்ஸியின் கதிரைக்கு நேர் பின்னால், இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. ஆரோ ஒருவர் அந்த மூலையில் இருந்தால் எப்படித் தாழுமோ அப்படி. சூசை அண்ணை வலது ஸ்பிரிங்கைக் கழற்றி இடப்பக்கத்திலும், இடதை வலப்பக்கத்திலும் மாற்றிப் பூட்டினார். தாழ்ந்தது மறுபடியும் வலப்பக்கம்தான். "சட்டம் கோணலாக்கும்" என்றார். முன்பு எத்தனையோ வருடம் நேராக நின்ற சட்டம்.

பிறகு சத்தம். வண்டியை ஆஸ்பத்திரி வளவில் வேப்பமர நிழலில் விட்டிருப்போம். காற்றே இல்லாத மத்தியானம். மருந்தறை யன்னலுக்கு வெளியே இரும்பு மெல்ல முனகும். நெடுநேரம் ஒரே இடத்தில் இருந்தவர் கால் மாற்றி இருக்கும்போது கதிரை முனகுவது போல. எட்டிப் பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஜீப்பின் பின்னால் எதிரெதிராக இரண்டு வாங்குப் பலகைகள், அதில் வலது வாங்கில் இருப்பதை நோயாளிகள் விட்டுவிட்டார்கள். ஆரும் ஆருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏறுவார்கள், ஒருமுறை பார்ப்பார்கள், எல்லோரும் இடப்பக்கத்தில் நெருக்கியடித்து இருப்பார்கள்.

சூசை அண்ணை சுவாமியாரைக் கூட்டிவந்து தீர்த்தம் தெளிக்க வேண்டும் என்றார். அம்மன் கோயிலில் எலுமிச்சம்பழம் வாங்கிக் கட்டலாம் என்றேன் நான். மிஸ்ஸி இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை.

"வந்து இருக்கிறது ஆர் எண்டு தெரியாமல் ஏன் கலைக்கிறியள்? இருக்கட்டும்."

கார்த்திகையில் மழை பிடித்தது. ஒருநாள் மத்தியானம் சைக்கிளில் ஓர் ஆள் தெப்பமாக நனைந்து வந்து, பரமேஸ்வரிக்கு வலி கண்டுவிட்டது, பிள்ளை குறுக்காகக் கிடக்கிறதாம் என்றார். நாங்கள் போய்ச் சேர்ந்து அவளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது தாம்போதியைக் காணவில்லை. வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம். தெருவோரக் கற்களின் தலைகள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தன.

விசிறி தண்ணீரை எஞ்சினுக்கு மேல் அடிக்காமல் இருக்க அதன் பட்டியைக் கழற்றினேன். மின்கம்பிகள்மேல் சாக்கைச் சுற்றினேன். மிஸ்ஸி சிலுவை போட்டுக்கொண்டு முதலாம் கியரில் இறக்கினார். பழைய உயரமாக இருந்திருந்தால் முதல் வளைவிலேயே நின்றிருப்போம். தண்ணீர் காலடித் தகட்டை நக்கிக்கொண்டு வந்தது, ஏறவில்லை. முன் கதிரையிலிருந்து நான் கற்களைப் பார்த்து "வலம், வலம், இப்ப நேர" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் வாங்குகளுக்கு நடுவே பாயில் பரமேஸ்வரி கிடந்தாள். கனகுவின் தாய் இடது வாங்கில் இருந்து அவளுடைய தலையைப் பிடித்திருந்தார். வலது வாங்கு வெறுமையாக இருந்தது.

நடுத் தாம்போதியில் பரமேஸ்வரி அலறுவதை நிறுத்தினாள். பிறகு, வீட்டில் பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் தள்ளி இருங்கோ. எனக்குக் கால் நீட்ட ஏலாமல் கிடக்கு."

வலது மூலையைப் பார்த்துத்தான் சொன்னாள். "ஆரைப் பிள்ளை சொல்லுறாய்?" என்று கேட்ட கனகுவின் தாய், கேட்டு முடிக்குமுன்பே வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். மிஸ்ஸி தலையைத் திருப்பவில்லை. கண் தண்ணீரிலேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் வாசலை அடைத்து நிற்பவர்களுக்குச் சொல்லும் அதே தொனியில் சொன்னார்:

"கனகு, இடம் விடும். பெட்டைக்குக் கால் நீட்ட வேணும்."

வள்ளத்திலிருந்து ஒருவர் இறங்கும்போது வள்ளம் ஒருமுறை எழும்பி ஓயுமே, அப்படி ஜீப்பின் பின்மூலை எழும்பி ஓய்ந்தது. சில்லு ஏதாவது கல்லில் ஏறி இறங்கியிருக்கலாம். நான் உணர்ந்ததை மட்டும் சொல்கிறேன். பரமேஸ்வரி காலை நீட்டினாள். நாங்கள் கரையேறினோம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மிஸ்ஸி குழந்தையைத் திருப்பி எடுத்தார். பெண் குழந்தை. அவள்தான் ஜீவராணி. மறுநாள் மழை விட்ட வெயிலில் ஜீப் நேராக நின்றது. சூசை அண்ணை தடியை வைத்து நான்கு மூலையும் அளந்தார். "தகடு படிஞ்சிட்டுது. புது ஸ்பிரிங் ஓட ஓடப் படியும்" என்றார். சொல்லிவிட்டு வண்டியை இன்னொருமுறை பார்க்காமலே போனார். அதன்பிறகு அந்த முனகல் எனக்குக் கேட்டதில்லை.

வார்டில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பரமேஸ்வரி கேட்டாள்:

"மிஸ்ஸி, அவர் இறங்கிட்டாரோ?"

"ஓம் பிள்ளை. இறங்கிட்டார்."

அவள் அழுதாள். அவன் காணாமற்போன பிறகு அவள் அழுததை முதன்முதல் அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்குப் போன பிறகு படலையைச் சாத்திப் படுக்கத் தொடங்கினாள் என்று கேள்வி. வெளி விறாந்தையில் மிஸ்ஸியிடம், "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். "அவளுக்குத் தெரிஞ்சதைத்தானே கேட்டவள்" என்றார். அதற்குமேல் அந்த நாளைப் பற்றி அவர் ஒருபோதும் பேசியதில்லை.

சில ஆண்டுகளின் பின் தீவுகள் வெறுமையாயின. தூரத்தில் விழுந்த ஷெல் நெருங்கி வர, புங்குடுதீவு ஆட்கள் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டார்கள். ஊர் போய்விட்டது, வருகிற இராணுவம் இன்னும் வந்து சேரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பகல். அங்கிருந்த கிளை மருந்தகத்தில் விட்டுவந்த ஊசி மருந்தை எடுக்க வேண்டும் என்று, பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய அந்த ஜீப்பில் மிஸ்ஸி புறப்பட்டார். நானும் ஏறினேன்.

அப்படியொரு அமைதியை நான் அதற்குமுன் அறிந்ததில்லை. கொடியில் காய்ந்த உடுப்பு. ஒரு முற்றத்தில் சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது. நாய்கள் தெருவில் நின்றன, ஒன்றும் குரைக்கவில்லை. மருந்தை எடுத்துக்கொண்டு திரும்பும்போது எஞ்சின் சூடேறி நின்றது. தண்ணீர் அள்ள, கிணறு தெரிந்த ஒரு வீட்டுக்குப் போனோம். வாசலில் மிஸ்ஸி நின்று கூப்பிட்டார்.

"வீட்டில ஆர் இருக்கிறியள்?"

"மிஸ்ஸி, ஊரே போயிட்டுது. ஆரைக் கூப்பிடுறியள்?" என்றேன்.

"போக ஏலாத ஆக்கள் இருந்தால்?"

உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நான் கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கி, அள்ளி, திரும்பி வந்தேன். மிஸ்ஸி இன்னும் அதே இடத்தில் தலையைச் சற்றுச் சாய்த்தபடி நின்றார். சத்தம் வரும், வாளியை வைக்கவேண்டாம் என்று எனக்குக் கை காட்டினார். வெயிலில் அப்படியே நின்றோம். எனக்கு ஓடிப்போக வேண்டும் போலிருந்தது. அப்போது வீட்டுக்குள்ளிருந்து, காற்றைவிட மெல்லிதாக ஒரு குரல் வந்தது.

"ஓம்."

மிஸ்ஸி உள்ளே நடந்தார். குசினியில் அடுப்படி நிலத்தில், எட்டாத தூரத்தில் இருந்த தண்ணீர்க் குடத்தைப் பார்த்தபடி, காலிழந்த முதியவர் ஒருவர் கிடந்தார். மகன்மார் இருவர் வெவ்வேறு வள்ளத்தில் போயிருந்தார்கள். அப்புவை மற்றவன் தூக்கிக்கொண்டு போனான் என்றே இருவரும் நினைத்திருந்தார்கள்.

"எல்லாரும் திரும்பி வந்திட்டினமோ?" என்று அவர் கேட்டார்.

"நாங்கள் வந்திருக்கிறம் அப்பு. வாயைத் திறவுங்கோ, தண்ணி குடியுங்கோ."

நாங்கள் தாம்போதியைக் கடந்து கொஞ்ச நேரத்தில் பின்னால் புகை எழுந்தது. ஜீப்பைக் கரையில் விட்டுவிட்டு அப்புவோடு யாழ்ப்பாணத்துக்கு வள்ளமேறினோம். அந்த ஜீப்புக்கு என்ன ஆனது என்று தெரியாது. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே நடந்து வெளியேறியபோது, தெருவோரத்தில் குடைகளை மறைப்பாக்கி மிஸ்ஸி இன்னொரு பிள்ளையை எடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் அப்போது அவர் பக்கத்தில் இல்லை.

அவருடைய படம் ஒன்றும் என்னிடம் இல்லை. இருப்பது அந்த வீட்டு வாசலில் அவர் நின்ற நிலைதான். என் மனைவி இறந்துபோன பிறகு, வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் கதவைத் திறந்துவிட்டு உள்ளே ஒருமுறை குரல் கொடுக்கிறேன். பக்கத்து வீட்டார் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். ஒருவரும் இல்லை என்று எனக்கும் தெரியும். என்றாலும் குரல் கொடுத்தவுடன் காலை உள்ளே வைப்பதில்லை. செவியைச் சாய்த்துக்கொண்டு, பதில் வருவதற்குப் போதுமான நேரம் நிற்கிறேன்.