எவனுக்கும் தோணும்

யாராவது பாராட்டினால் நெல்சனுக்கு உடம்பு கூசும். ராயபுரத்தில் இதைப் பணிவு என்பார்கள். கிண்டியில், காப்புரிமை அலுவலகத்தில், அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

திருவொற்றியூரில் ஒரு பழைய இரும்புக் கிடங்கில், கப்பல் தகடுகளைத் துண்டு போடும் ராட்சத மெஷினில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். அதன் பிளேடு ஆறடி நீளம், ஒரே துண்டு. மழுங்கிப்போனால் மெஷினின் இரண்டு தாடைகளுக்கு நடுவே கையை விட்டுத்தான் போல்ட்டைக் கழற்ற வேண்டும். அப்படிக் கழற்றும்போதுதான் அவன் மனைவி ஜானட்டின் தம்பி ஃப்ரெடிக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. மறு வருடம் நெல்சன் பிளேடை நான்கு துண்டாக்கி, வெளியே நின்றபடியே கழற்றி மாட்டுகிற ஏற்பாடு ஒன்றைச் செய்தான். காப்புரிமைக்கு விண்ணப்பித்தான். அதை நம்பி வேலையை விட்டுச் சொந்தப் பட்டறையும் போட்டுவிட்டான்.

பெரிய கம்பெனி ஒன்று எதிர்ப்பு மனு போட்டது. அந்தத் தொழில் தெரிந்த எவருக்கும் இயல்பாகத் தோன்றக்கூடிய ஒன்றுக்குச் சட்டப்படி காப்புரிமை கிடையாது, இதுவும் அப்படித்தான் என்றது. அதற்கு அவர்கள் காட்டிய சாட்சி நெல்சனேதான். மாதா கோயில் பங்குத் திருவிழாவில் இந்தக் கண்டுபிடிப்புக்காகச் சால்வை போர்த்தியபோது மைக்கில் அவன் பேசிய வீடியோ.

"இதுல இன்னா கீது? மெஷினாண்ட நிக்கிற எவனுக்கும் தோணும்."

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சால்வையை வாங்கிக்கொண்டு கம்மென்று இறங்கியிருக்கக் கூடாதா என்று ஜானட் கரித்துக் கொட்டினாள். சபை மரியாதைக்காகச் சொன்னேன் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார் வக்கீல். விசாரணை நாளில் ரயிலில் அதையே முணுமுணுத்தபடி போனான். துணைக்கு ஃப்ரெடியும் வந்தான்.

வீடியோவை ஓடவிட்டு, இது நீங்கள் சொன்னதுதானே என்று அதிகாரி கேட்டார்.  நெல்சன் மனப்பாடம் செய்தது எங்கோ போய்விட்டது.

"சொன்னேன் சார். ஆனா எவனுக்கும் தோணும்னா எனக்கு முன்னாடியே தோணிருக்கணுமே? இருபத்திரண்டு வருஷம் அதே மெஷினாண்ட நின்னுகினு இருந்தேன். இவன் வெரலு போனப்பறம்தான் சார் தோணிச்சி."

வக்கீலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை காலத் தேவைக்கு யாரும் வழி காணவில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாதாம். நெல்சனோ ஃப்ரெடி பக்கம் திரும்பவே இல்லை. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது வாய் தவறி வந்துவிட்ட வேதனை அவனுக்கு.

ஆறு வாரத்தில் காப்புரிமை வந்தது. ஃப்ரெடி பட்டறைக்கு வந்து, இடது கையால் அந்தக் காகிதத்தை வாங்கி, நிதானமாகக் கடைசி வரை படித்தான்.

"ஒரு ரெண்டு வருஷம் முன்னாடி தோணிருக்கக் கூடாதா மாமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். நெல்சன் அன்றைக்கு மெஷினைப் போடவே இல்லை.