சாலையின் நிலை: ஈரம்

விண்ணப்பப் பாரம் ஒரு பக்கம்தான். பெயர், அடையாள அட்டை எண், இப்போது வேலை செய்யும் நிலையம், எத்தனை ஆண்டு சேவை என்பதையெல்லாம் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். கடைசியில் ‘போக்குவரத்துப் பிரிவுக்கு மாற விரும்பும் காரணம்’ என்று கேட்டு, கீழே சில கோடுகள் போட்டிருந்தார்கள். அங்கே பேனா நின்றுவிட்டது. தாளை மடித்துக் காரின் முன்பெட்டியில் போட்டுக்கொண்டு மூன்று வாரம் சுற்றினேன்.

பாரத்தைக் கொடுத்தவர் போக்குவரத்துப் பிரிவில் இருக்கும் ஒரு மலாய்க்கார சார்ஜன். என் அம்மா நான்கு வருடமாகச் சபித்துக்கொண்டிருப்பதும் அவரைத்தான். சிக்கல் இவ்வளவுதான், ஆனால் இதை அந்தக் கோடுகளில் எழுத முடியாது.

நான் மெர்லிமாவ் பக்கம் ஒரு காவல் நிலையத்தில் கோப்ரல். முகப்பில் உட்கார்ந்து புகார் எழுதுகிறவள். அடையாள அட்டையைக் காணோம், கைப்பேசியைக் காணோம், ஒரு முறை ஓர் ஆட்டைக் காணோம். ஆட்டின் சொந்தக்காரர் அதற்குப் புகைப்படம்கூடக் கொண்டுவந்திருந்தார். பதினொரு வருடமாக ‘காணோம்’ என்பதை மலாயில் தட்டித் தட்டி, யோசிக்காமலே விரல் அந்த எழுத்துகளுக்குப் போகிறது. சொகுசான வேலை என்று எல்லோரும் சொல்வார்கள். தலைக்கு மேல் குளிர்சாதனம், மழையைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும். இதை விட்டுவிட்டு வெயிலில் நிற்கப் போகிறாயா, ரோட்டில் கிடப்பதையெல்லாம் பார்க்க உனக்கு மனசு தாங்குமா என்று கேட்காதவர்கள் இல்லை.

புக்கிட் ரம்பாயில், எங்கள் தாமான் குடியிருப்பில், விஷயம் எப்படியோ பரவிவிட்டது. எதிர்வீட்டு அக்கா வேலியோரம் வந்து, “போம்மா, போ. நம்ப ஆளு ஒருத்தங்க உள்ள இருந்தா நல்லதுதான லா. என் மவனுக்கு மாசம் தவறாம டிராபிக் சம்மன் வருது” என்றார்.

“நான் போனா மொத சம்மன் அவனுக்குத்தான்க்கா” என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் மகன் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு மோட்டர் சைக்கிள் ஓட்டுகிறவன். அப்படிப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் தம்பி ஹெல்மெட்டைத் தலையில் போட்டு, வாரையும் இறுக்கிக்கொண்டு போனவன். போனவன் திரும்பி வரவில்லை.

தம்பி சுங்கை ஊடாங்கில் ஒரு குத்தகையாளரிடம் வெல்டிங் வேலை செய்தான். கிடைத்த நேரமெல்லாம் மோட்டரைத் துடைப்பதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. சிக்னல் விளக்குகளின் ஆரஞ்சு மூடிகளைக் கழற்றிவிட்டு, கண்ணாடி மாதிரி வெள்ளை மூடிகளை மாட்டியிருந்தான். “இது குத்தம்டா” என்பேன். “புடிச்சி உள்ள போடுக்கா” என்று கையை நீட்டுவான். இந்த ஆரஞ்சு நிறத்தை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில் விழுந்தான். ஆம்புலன்ஸ் வந்தபோது மூச்சு இருந்தது. தானாக வழுக்கி விழுந்துவிட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒரு லோரி உரசிவிட்டு நிற்காமல் போனதாக வழிப்போக்கர் ஒருவர் பிற்பாடு சொன்னார். அவருக்கு எண்ணும் தெரியவில்லை, நிறமும் தெரியவில்லை. ஒன்பது மணிக்கு மருத்துவமனையில் தம்பியின் மூச்சு நின்றது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ரோட்டில் அடிபட்டுப் போன உயிர் விழுந்த இடத்திலேயே நிற்கும், வீட்டுக்கு வழி தெரியாமல் தவிக்கும் என்பார்கள். உடல் வீடு வந்து சேருவதற்குள் அந்த இடத்தை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சூடம் ஏற்றி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழைத்துவர வேண்டும். அம்மா எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தபோது பார்த்தது. மருத்துவமனை நடையில் சுவரில் தலையை முட்டி அழுதுகொண்டிருந்தவர், திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எந்திரி. அவன் அங்க தனியா நிக்கிறான்” என்றார்.

சம்பவ இடத்தைத் தொடக்கூடாது என்பது எந்தப் போலீஸ்காரருக்கும் பயிற்சியில் ஆரம்பத்திலேயே சொல்லித் தருவது. அன்று அது எனக்கு நினைவுக்கே வரவில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். வரவில்லை. நான் அன்று அக்கா மட்டும்தான். இரண்டு வாளி மஞ்சள் தண்ணீரைக் காரின் பின்பக்கம் வைத்து, சிந்தாமல் இருக்க மெதுவாக ஓட்டிப் போனேன். அம்மா ஊற்ற ஊற்ற நான் விளக்குமாற்றால் தள்ளினேன். ரத்தம், கண்ணாடித் தூள், காய்ந்த மண்கட்டிகள் எல்லாம் ஓரத்துக் கால்வாயில் போய் விழுந்தன. வேறு எந்தப் பிள்ளையின் டயரிலும் கண்ணாடி குத்திவிடக்கூடாது என்றுகூட நினைத்தேன். அவ்வளவு நல்ல மனசு எனக்கு. தள்ளிக்கொண்டிருக்கும்போது விளக்குமாற்றின் ஈர்க்கில் ஓர் ஆரஞ்சுப் பிளாஸ்டிக் துண்டு மாட்டியது. கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். விளக்குமாற்றைத் தரையில் தட்டி அதையும் கால்வாயில் விட்டேன்.

சூடம் எரிந்துகொண்டிருக்கும்போதுதான், மரணம் என்று தகவல் போய், சார்ஜன் வந்தார். கையில் அளவுநாடாவும் அட்டையும். ரோட்டைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். ஒரு பயிற்சியில் சந்தித்திருக்கிறோம், நான் யார் என்று அவருக்குத் தெரியும். வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கையைக் கட்டிக்கொண்டு, சூடம் அணையும்வரை ஒதுங்கி நின்றார். அதற்குப் பிறகு மிச்சம் இருந்ததை அளந்தார். மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

அம்மா பார்த்தது அவர் நின்றதை மட்டும்தான். லோரி கிடைக்கவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து அம்மா வாயில் ஒரே பேச்சு. “எம்புள்ள செத்த எடத்துல கையக் கட்டிக்கிட்டு வேடிக்க பாத்துட்டுப் போனான் அந்த வெள்ளத் தொப்பி. அவன் கை வெளங்குமா?” டிவியில் போக்குவரத்துப் போலீஸ் வந்தால் சேனலை மாற்றிவிடுவார். கடைத்தெருவில் ஒருவர் நின்றால் என் கையைப் பிடித்து அடுத்த பக்கம் இழுத்துப் போவார். நானும் போலீஸ்காரிதான் என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துவிடும்.

வழக்குக் கோப்பை மூடும்போது சார்ஜன் என்னைத் தம் அறைக்கு அழைத்துக் காட்டினார். எத்தனையோ கட்டங்கள் கொண்ட படிவம். சாலையின் நிலை என்ற இடத்தில் காய்ந்தது, ஈரம், மணல், எண்ணெய் என்று வரிசையாக இருக்கும். அவர் ‘பாசா’ என்ற கட்டத்தில் கோடு போட்டிருந்தார். மலாயில் ஈரம். அன்று மழை இல்லை. அந்த வாரம் முழுக்கவே மழை இல்லை. நான் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, “நான் போய்ச் சேர்ந்தபோது ஈரமாகத்தானே இருந்தது. பொய் எழுதவில்லை” என்றார். வாளியைப் பற்றியோ, விளக்குமாற்றைப் பற்றியோ, ஒரு போலீஸ்காரி அங்கே நின்றதைப் பற்றியோ ஒரு வரி இல்லை. நன்றி சொல்லியிருக்கலாம், மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். “சரி, சார்ஜன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சாபம் சார்ஜனை விட்டுக் கிளம்பி நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வரும். பாவம் அந்த மனிதர், தமக்குத் தெரியாமலே எங்களுக்காகச் சுமந்துகொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கேவலம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

போன மாதம் மெர்லிமாவில் ஒரு கடையில் பசியாறிக்கொண்டிருந்தபோது அவரே வந்து எதிரில் உட்கார்ந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. இரண்டு வாய் கோப்பி குடித்தபிறகு, “இன்னொரு குடும்பம், கோப்ரல். நாங்கள் போவதற்குள் கழுவிவிட்டார்கள். மஞ்சள் தண்ணீர்தான். என் பிரிவுப் பையன்கள் சத்தம் போட்டார்கள். அந்தத் தாய் பயந்து வாளியைக் கீழே போட்டுவிட்டாள்” என்றார். கோப்பையைத் தள்ளிவைத்தார். “அப்படிச் சத்தம் போடக்கூடாது. ஆனால் எப்படிச் சொல்வது என்று எங்களுக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும்.” பாரத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்த வாளியை நினைத்து அன்று என்னால் ரொட்டியை முடிக்க முடியவில்லை. எனக்குப் போக வேண்டும் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனால் வெள்ளைத் தொப்பியோடு எங்கள் வீட்டு வாசலில் போய் நிற்பதை மட்டும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து கிள்ளினேன். அவர் என்னைப் பார்க்காமலே, “டிராபிக்குக்குக் கூப்புடுறாங்களாமே. எதுத்த வூட்டுக்காரி சொல்றா” என்றார்.

“ஆமாம்மா. இன்னும் குடுக்கல.”

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். “போ” என்றார்.

“நெசமாத்தான் சொல்றேன், போ. நீ உள்ள போனா அந்தக் காயிதத்த எல்லாம் எடுத்துப் பாக்கலாம்ல? அந்த லோரிக்காரனக் கண்டுபுடிச்சிருவல்ல? நீ அவன மாதிரி கையக் கட்டிக்கிட்டு நிக்கமாட்ட.”

நான்கு வருடத்தில் அவர் முகத்தில் அப்படி ஓர் ஆசையை நான் பார்த்ததில்லை. பார்க்கிறேன்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வேலையும் கிடைக்கும், வீட்டில் சண்டையும் இருக்காது. வாய்வரை வந்தது. ஆனால் அந்த ஆசையை வைத்துக்கொண்டு அவர் தினமும் நான் வேலைவிட்டு வரும் நேரத்துக்கு வாசலில் காத்திருப்பார். அதை என்னால் தாங்க முடியாது.

“முடியாதும்மா” என்றேன். “ரோட்டுல ஒண்ணும் மிச்சமில்ல. நம்ப கழுவிட்டோம்.”

கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது.

“அடிபட்ட எடத்துல லோரியிலேருந்து மண்ணு விழும், பெயிண்டு விழும். அத வச்சித்தான் தேடுவாங்க. ஒரு ஆரஞ்சுத் துண்டு கெடந்திச்சி. லோரி சிக்னல் லைட்டோடதா இருக்கும். தம்பி மோட்டர்ல ஆரஞ்சே கெடையாதில்லம்மா. நான்தான் கால்வாயில தள்ளுனேன்.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“பாத்துட்டா பெருக்குன?”

“ஆமாம்மா.”

பிறகு, “அப்ப அந்த சாஜன்?” என்றார்.

“அவருக்கு எல்லாம் தெரியும். யாருகிட்டயும் சொல்லல. ரோடு ஈரம்னு மட்டும் எழுதிட்டுப் போயிட்டாரு. சூடம் அணையட்டும்னுதான் கையக் கட்டிக்கிட்டு நின்னாரு.”

“ஊத்துனது நான்தான?” என்றார் அம்மா. “எந்திரின்னு ஒன்ன இழுத்துட்டுப் போனது நான்தான?”

“வாளியத் தூக்குனது நான்ம்மா. போலீஸ்காரி நான்.”

அவர் மறுபடி கிள்ள ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், கிள்ளிய தலைகளைப் பாத்திரத்திலும் மீனைக் குப்பைத்தாளிலும் போட்டுக்கொண்டிருந்தார். நான் மாற்றி மாற்றி எடுத்துப் போட்டேன். அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை. அந்த நாளுக்குப் பிறகு வெள்ளைத் தொப்பியைச் சபிக்கவும் இல்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் தம்பியின் நினைவுநாள். வருடா வருடம் அந்த இடத்துக்குப் போய், அவன் விழுந்த தாரில் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, சூடம் காட்டிவிட்டு வருவோம். இந்த முறை அம்மா வரமாட்டார் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் குளித்துவிட்டு, செம்பை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தார். வழியில் முன்பெட்டியைத் திறந்து, மடித்த தாளை எடுத்து விரித்துப் பார்த்தார். அவருக்கு மலாய் படிக்க வராது. வெறுமனே கிடந்த கோடுகள் தெரிந்திருக்கும்.

“எழுதிக் குடுத்துரு” என்றார். “என்னா மாதிரி பொம்பளைங்க இருப்பாளுங்க. வாளியத் தூக்கிக்கிட்டு வருவாளுங்க. கொஞ்சம் பொறுங்கம்மான்னு சொல்லு. அதட்டாத.”

அந்த இடம் வந்ததும் காரை ஓரமாக நிறுத்தினேன். லோரிகள் போய்க்கொண்டிருந்தன. அம்மா இறங்கி, வழக்கமாக ஊற்றும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தாரைத் தாண்டி ஓரத்துப் புல்லுக்குப் போனார். குனிந்து, மெதுவாக, வேர் பக்கமாக ஊற்றினார். திரும்பி வரும்போது செம்பின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு தாரில் விழுந்தது. அம்மா அப்படியே முட்டிபோட்டு உட்கார்ந்து முந்தானையால் அதைத் துடைத்தார். மஞ்சள் கறை போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தார். நான் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், அந்த இடம் காயும்வரை.