எவடம்?

வைத்தியத்தோடு ஆராய்ச்சிப் பட்டமும் சேர்த்துப் படிக்கிற ஓர் இடத்துக்காக, லண்டனில் நேர்முகத்துக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த தமிழர் டையின் முடிச்சை இறுக்குவதும் தளர்த்துவதுமாக இருந்தார். பேச்சுக்கொடுக்க, எங்கள் ஆட்கள் வழக்கமாகக் கேட்பதையே கேட்டேன்.

“நீங்கள் எவடம்?”

“சின்ன யூனிவர்சிட்டிதான். ஆனால் மூண்டு வருசம் ஆராய்ச்சி லாப்பிலை வேலை செய்தனான். அதைப் பாக்கமாட்டினமே?”

“ஐயோ, நான் ஊரைத்தான் கேட்டனான்.”

“அதுவும் ஒருத்தருக்கும் தெரியாத இடம்தான்,” என்று சிரித்தார். “நீங்கள் எந்த யூனி?”

எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெயரைச் சொன்னேன். முடிச்சிலிருந்த கை நின்றது.

உள்ளே, என் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கண்டதும் பேராசிரியர், சொந்த ஊர்க்காரனைக் கண்டவர்போல முகம் மலர்ந்தார். தானும் அங்கேதான் படித்தாராம்.

எனக்கு இடம் கிடைத்தது. முதல் நாள் வகுப்பில் அந்த டைக்காரரைத் தேடினேன், காணவில்லை. அதன்பிறகு யாரிடமும் ‘எவடம்?’ என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை.