ஒற்றை விரல் பிரேக்

லேத்துக்காரருக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும். முப்பது வருடமாக இரும்பைக் கடைகிறவர். மயிரிழை கோணல்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. அடுத்தவர் செய்த வேலை எதுவும் லேசில் அவர் மனசுக்கு ஒப்பாது. சாயங்காலம் மிஷினை நிறுத்தியதும், துரு பிடிக்கக் கூடாதென்று, இடுப்பில் செருகிய எண்ணெய்த் துணியை உருவிப் பளபளக்கிற இரும்பையெல்லாம் ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் கை கழுவுவார். வீட்டில் கத்தரிக்கோல், கதவுத் தாழ்ப்பாள் எதுவும் தப்பாது. "கொஞ்ச நேரம் அசையாம உக்காந்தா என்னையும் தொடச்சி வச்சிருவாரு" என்பாள் மனைவி.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த ஒரே மகள், பைக்கில் பாறை ஏறுகிறவள். அது ரேஸ் இல்லை, வேகத்துக்கு அங்கே மரியாதையே கிடையாது. உட்கார சீட்டில்லாத வண்டியில் நின்றபடியே பாறைமேல் ஏறி இறங்க வேண்டும். நடுவில் கால் ஊன்றினால் ஒரு புள்ளி போச்சு. உச்சியில் வண்டி அசையாமல் நிற்க வேண்டும் என்றால் முன் பிரேக்கும் அதன்மேல் வைத்த ஒற்றை விரலும்தான் துணை. இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் பிரேக் காலை வாரிவிட்டது. அழுத்திப் பிடித்தும் வண்டி நிற்காமல் உருண்டது. தலைகுப்புற விழுந்தவளுக்கு மணிக்கட்டு உடைந்தது.

வண்டியைப் பார்த்துக்கொண்டவன் லேத்துக்காரரின் மச்சினன், மனைவியின் தம்பி, பைக் மெக்கானிக். பிரேக் வலுவில்லை என்று அதற்கு முன்பே சக்கரத்தின் பிரேக் தட்டைக் கவ்வுகிற பேட்டை இரண்டு தடவை மாற்றிக் கொடுத்திருந்தான். போட்ட அன்றைக்குக் கப்பென்று பிடிக்கும், மறுநாள் வழுக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே லேத்துக்காரர் வெடித்தார்.

"பிரேக் லைன்ல காத்து நிக்குது. அத எடுக்கத் தெரியாதவன் எதுக்குடா வண்டியில கைய வைக்கிற?"

"காத்து இருந்தா லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும் மச்சான். இது கல்லு மாதிரி இருக்கு. வேற என்னமோ இருக்கு, புரியல."

"உன்ன நம்பினதுக்கு எம் பொண்ணு கை போச்சு. இனிமே எங்க வீட்டு வாசப்படி ஏறாத."

அவன் படியிறங்கிப் போனான். அன்றிலிருந்து மனைவியும் "சாப்பிட வாங்க" என்பதற்கு மேல் புருஷனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கட்டுப் பிரித்து, மகள் பழகவும் தொடங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போட்டி, போயே தீருவேன் என்றாள். வியாழக்கிழமை லேத்துக்காரரே வண்டியைத் தூக்கி நிறுத்தினார். பழைய பிரேக் ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றினார். லீவரை அமுக்கி, அடியில் திருகைத் திறந்து மூடி, கடைசிக் காற்றுக் குமிழியும் வெளியேறும்வரைக்கும் ஓயவில்லை. புதுப் பேட்டும் போட்டார். கொல்லைச் சரிவில் வண்டி நட்டு வைத்தது போல நின்றது.

"பாத்தியா? செய்யறவன் செஞ்சா இப்படித்தான் நிக்கும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் அதே சரிவில் வண்டி வழுக்கியது. மறுபடியும் திருகைத் திறந்தார். குமிழி இல்லை. லீவர் கல்லாக இருந்தது.

"மாமாவும் இதத்தான் சொன்னாரு" என்றாள் மகள்.

அவருக்குச் சுருக்கென்றது. எரிச்சலோடு இன்னொரு ஜோடி பேட் போட்டார், பிடித்தது. சாயங்காலம் பழகிவிட்டு வந்து வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு மகள் குளிக்கப் போனாள். லேத்துக்காரர் இடுப்புத் துணியை உருவினார். கைப்பிடிக் குழாயைத் துடைத்தார், முன் ஃபோர்க்கைத் துடைத்தார், பளபளவென்று மின்னிய பிரேக் தட்டைச் சுற்றி ஒரு துடை துடைத்தார். துணி அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. கை அப்படியே நின்றது.

தட்டில் விரலை வைத்துப் பார்த்தார். எண்ணெய். பேட் கவ்வ வேண்டிய இடத்தில் எண்ணெய். அவள் வண்டியைக் கழுவிய ஒவ்வொரு நாளும் துடைத்திருக்கிறார், அவள் விழுந்ததற்கு முந்தின நாளும், நேற்றும்தான். எண்ணெய் போட்டால் வழுக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் தலைக்கும் தெரியும், கைதான் தலையைக் கேட்கவில்லை.

யாரும் பார்க்கவில்லை. அந்தத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டால் விஷயம் முடிந்தது. பழி மச்சினன் தலையிலேயே கிடக்கட்டும், யாருக்குத் தெரியப்போகிறது? அப்படி ஒரு நினைப்பு வந்தது நிஜம். நல்ல மனுஷன் என்று நான் பூசி மெழுகப் போவதில்லை. ஈரத் தலையோடு மகள் வெளியே வரும்வரைக்கும் அந்த நினைப்போடுதான் நின்றிருந்தார்.

"உன் கைய ஒடச்சது நான்தாம்மா" என்று துணியை நீட்டிக் காட்டினார்.

அவள் துணியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். புரிவதற்கு நேரம் ஆகவில்லை. அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலாம்.

"மாமா வந்து பாத்து சரின்னு சொன்னாத்தான் ஏறுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மச்சினன் கடைக்குப் போய் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். எப்படியோ சொல்லி முடித்தார். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"ரெண்டு மாசமா நான் தூங்கல மச்சான்" என்றான். "எங்க தப்புப் பண்ணினேன்னு யோசிச்சு யோசிச்சு."

அவன் கூடவே வீட்டுக்கு வந்தான். அக்காவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தான். தட்டை ஸ்பிரிட்டால் நாலு தடவை துடைத்து, பேட் மாற்றி, சரிவில் ஏறி இறங்கிப் பார்த்தான். போகும்போது கையை நீட்டினான்.

"அந்தத் துணியக் குடுங்க."

லேத்துக்காரர் இடுப்பிலிருந்து உருவிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் பாறை உச்சிக்கு ஏறி, ஒற்றை விரலால் பிரேக்கைப் பிடித்தாள். வண்டி நின்றது. இம்மியும் நழுவவில்லை. ஆனாலும் அவள் இடது கால் தானாக இறங்கிப் பாறையில் ஊன்றியது. நடுவர் ஒரு விரலை உயர்த்தினார். அவள் பிரேக்கைப் பார்க்கவில்லை, கூட்டத்தில் அப்பா எங்கே என்று பார்த்தாள். அவர் கை இடுப்பில் துணியைத் தேடிக்கொண்டிருந்தது.